மேகமில்லாத நிழல்

ஹூஸ்டனுக்கு மேலே அன்று காலை ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஆனால் செயற்கைக்கோள் அனுப்பிய படத்தில் மேக நிழல் இருந்தது.

கொரின் மாடி அறையில் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரநிலங்களைத் தூர்த்து கான்கிரீட் போடப் போட வெள்ளமும் வெக்கையும் எப்படி மாறுகின்றன என்று பல வருடப் படங்களை ஒப்பிட்டு வரைபடம் போடுவது அவள் வேலை. அவள் குடியிருந்த இடமும் அப்படித் தூர்த்ததுதான். பெயர் நாரைக்குளம் குடியிருப்பு. குளத்தையும் விட்டுவைக்கவில்லை, நாரையையும் விட்டுவைக்கவில்லை. பெயரை மட்டும் வாசலில் பலகையாக மாட்டியிருந்தார்கள்.

வசந்தத்தில் அந்தத் திட்டு நெடுஞ்சாலை ஓரத்தில் கிடந்தது. மேக நிழல் என்று குறித்து, அதன் மேல் பழைய வெயில் நாள் ஒன்றின் படத்தை வெட்டி ஒட்டினாள். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அடுத்தடுத்த படங்களிலும் அதையே செய்தாள், பழக்கதோஷம். மேகம் இருந்ததா என்று பார்க்கத் தோன்றவே இல்லை. இன்று ஒட்டியதையெல்லாம் நீக்கி வரிசையாக வைத்துப் பார்த்தாள். திட்டு வீடு வீடாக நகர்ந்து வந்திருந்தது. இன்றைய படத்தில் அவள் வீட்டுப் பின்புறத்தை முழுசாக மூடியிருந்தது.

அலுவலகத்தில் இருந்த ரெய்னால்டோவுக்குப் போன் போட்டாள்.

“நிழல்னு குறிச்சுட்டுப் போவியா, பேயைப் பார்த்தவ மாதிரி பேசுற?”

“மேகமே இல்ல, ரே. வெப்பப் படத்துல சுத்தி கூரையெல்லாம் கொதிக்குது, என் வீட்டுக் கொல்லை மட்டும் சில்லுனு காட்டுது. தண்ணி மாதிரி.”

“உன் வீட்டுக் கொல்லையைப் பார்க்க செயற்கைக்கோள் எதுக்கு? ஜன்னலைத் திற தாயே!”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் ஒடெட் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தாள். போன மாதப் புயலில் சாய்ந்த பெக்கான் மரத்தின் அடிக்கட்டைதான் அவளுக்குக் கப்பல். பேன் தொல்லை தாங்காமல் நேற்றுத்தான் அவள் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தாள் கொரின்.

படியிறங்கும்போதே சேறும் அழுகிய நாணலும் கலந்த வாடை, ஏசி காற்றோடு கலந்து, மூடிக்கிடந்த அறைகளுக்குள்ளிருந்தெல்லாம் வந்தது. எங்கோ தவளைகள் கத்தின. மிக அருகில் கத்தின.

“ஒடெட்! உள்ள வாடி, குட்டி!”

“இதோ வரேம்மா!”

போன உயிர் திரும்பி வந்தது. ஜன்னல் திரையை விலக்கினாள். பளீரென்ற வெயில். காய்ந்த புல். மகள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள்.

ஊஞ்சல்.

பெக்கான் கிளையில் கட்டிய ஊஞ்சல். மரம் சாயாமல் நின்றது. ஆடியவளின் பின்னல் இடுப்புவரை தொங்கியது.

பழைய நாள். அவள் இத்தனை மாதமும் வெட்டி ஒட்டிய அதே வெயில்.

“அம்மா!” குரல் ஊஞ்சலிலிருந்து வரவில்லை. புல்லுக்கு அடியிலிருந்து வந்தது. “அம்மா, எனக்குக் கால் எட்டல!”

வெளியே ஓடி மண்டியிட்டாள். புல்லைப் பிராண்டினாள். மண் இறுகிக் கிடந்தது. நகம் பெயர்ந்தது. ஈரமே இல்லை. அடியில் குரல் குமிழி குமிழியாக உடைந்துகொண்டிருந்தது.

“அம்மா...”

ஊஞ்சலில் இருந்தவள் ஆட்டத்தை நிறுத்தாமல் சிரித்து, அவளைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.