வடிவின் நிழலாள்

பத்து மணிக்குச் சங்கு ஊதியதும் பயிற்சிக்கூடத்துக்குப் போகிற பெண்கள் உப்புக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்பது அரசாங்கத்துச் சட்டம். போனால் அரைக்கூலிதான் என்பது உப்பளத்துச் சட்டம். இரண்டுக்கும் நடுவில் செண்பகவடிவு நாற்பது நாள் ஓடினாள்.

தொழில் தொடங்க அரசாங்கத்திடம் முதல் பணம் கேட்டால் ஜாமீன் கேட்கிற காலம் மலையேறிவிட்டது. இப்போது நிழலாளைக் கேட்கிறார்கள். கூடத்தில் நெற்றிப்பட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சரக்கு வாங்குவது, விலை சொல்வது, சண்டைக்கு வருகிறவனைச் சமாளிப்பது எல்லாம் திரையில் வரும். நாம் என்ன பதில் சொல்கிறோம் என்று பட்டி கற்றுக்கொள்ளும். நாற்பதாம் நாள் நம்மை மாதிரியே ஒரு நிழலாள் பிறப்பாள். கணினிக்குள்ளே அவள் பத்து வருசம் கடை நடத்திக் காட்டுவாள். அவள் நொடித்துப் போகாமல் நின்றால் நமக்குப் பணம்.

வடிவுக்குக் கருவாட்டுத் தொக்குக் கடை போட ஆசை. ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது. பதினெட்டு வருசமாய் உப்பின் வெள்ளை அவள் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. இன்னும் ஒரு கோடை உப்பளத்தில் நின்றால் பார்வை மிஞ்சாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள்.

உப்பளத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்திக்கு முடியாத நாளில் இன்னொருத்தி அவள் பாத்தியையும் சேர்த்து வாரிவிடுவாள். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, சொல்லிக்காட்டுவதும் இல்லை. அப்படித்தான் வடிவு போக முடியாத நாட்களில் பக்கத்துப் பாத்தி அமலம் என்கிற அமலோற்பவம் போய் அவள் பட்டியைக் கட்டிக்கொண்டாள். சில நாள் பாத்துமுத்து போனாள். கூடத்தில் காவலுக்கு ஆள் கிடையாது. ஏமாற்றுகிறோம் என்று மூவருக்கும் தோன்றவே இல்லை.

"இன்னைக்கு ஒரு மீன்காரன வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். ஒன் பேரக் காப்பாத்திட்டேம்ளா" என்று அமலம் வந்து சொல்லுவாள். தொண்டையில் தொடங்கி மூக்கில் முடிகிற சிரிப்பு அவளுக்கு.

முடிவு சொல்லும் நாளில் நிதி அலுவலர் நித்திலா வடிவை உட்காரவைத்துத் திரையைத் திருப்பினாள்.

"மாவட்டத்திலேயே உங்க நிழலாள்தாம்மா முதலிடம். நீங்களே பாருங்க."

திரையில் வடிவு நின்றாள். அதே முகம், கையில் அதே உப்புத் தழும்பு. ஆனால் விலை பேசும்போது பாத்துமுத்து மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கினாள். கெட்ட சரக்கோடு வந்தவனை அமலத்தின் வாயால் கிழித்தாள்.

"மேடம், இவ வந்து..."

"நீங்கதாம்மா. தன்னைத்தானே பார்த்தா எல்லாருக்கும் இப்படித்தான் கூச்சமா இருக்கும்."

பதிவேட்டிலிருந்து ஊர்க்காரர்கள் எல்லாரையும் எடுத்துக் கணினிக்குள்ளே நடமாட விட்டிருந்தார்கள். ஆறாம் வருசம் கடைவாசலில் அமலமே வந்து நின்றாள், வெடித்த காலோடு. "வேல ஏதும் தருவியாளா?" நிழலாள் சிரித்தாள். அது அமலத்தின் சிரிப்பு. சிரித்துவிட்டு, "இப்பம் ஆள் வேண்டாம்ளா" என்றாள்.

"ஏன் மேடம் சேக்கல?"

நித்திலா திரையைத் தொட்டுப் படித்தாள். "அந்தம்மா அடிக்கடி வேலையைப் பாதியில விட்டுட்டுப் போறவங்கன்னு உப்பளத்து வருகைப்பதிவுல இருக்கு. கடைக்கு நஷ்டம்னு உங்க நிழலாள் கணிச்சிருக்கு. நல்ல முடிவுதானே?"

அந்தப் பாதி நாட்களில் அமலம் வடிவின் பட்டியைத்தான் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று பேர் சேர்ந்து வளர்த்தவள், மூன்று பேரில் ஒருத்தியும் செய்யாததைச் செய்கிறாள். இவள் யார்? இது நான் இல்லை என்று சொன்னால் பணம் போகும், கண்ணும் போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று பிடிபடவில்லை.

நித்திலா மொச்சைக்கொட்டை அளவில் ஒரு காதுமணியை எடுத்து வைத்தாள். "பத்து வருசம் இதைக் கழட்டக் கூடாது. என்ன செய்யணும்னு நிழலாளே சொல்லும். மூணு தடவை அதுக்கு மாறா நடந்தா பணத்தைத் திருப்பி எடுத்துக்குவோம். என்னம்மா யோசனை? உங்க பேச்சை நீங்களே கேக்கப் போறீங்க, அவ்வளவுதான்."

வடிவு காதுமணியை மாட்டிக்கொண்டு, சம்மதத்துக்கு உள்ளங்கையைத் திரையில் பதித்தாள்.

வாசலில் காலில் அப்பிய உப்போடு அமலம் நின்றாள். "என்னளா, கெடச்சுட்டா?"

"கெடச்சிட்டு."

"மாதாவே! அப்பம் மொதலாளியம்மா, எனக்கு வேல உண்டுமா?"

வடிவு வாயைத் திறப்பதற்குள் அவள் குரலே காதில் முந்திக்கொண்டது. "ஆள் வேண்டாம்னு சொல்லு. சிரிச்சிக்கிட்டே சொல்லு."

"நாளைக்கே வாளா" என்றாள் வடிவு.

"விலகல் ஒண்ணு" என்றது காது. "பாக்கி ரெண்டு."

அமலத்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வடிவின் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஏளா, பாத்துமுத்துவையும் கூட்டிட்டு வரட்டுமா? அவளுக்கும் இடுப்பு போச்சுல்லா."

வடிவு காதைப் பொத்திக்கொண்டாள். உள்ளே அவள் குரல் பதிலைச் சொல்லத் தொடங்கியிருந்தது.