பாருக்கு மேலே ஒரு தலை

“அவன் முழியே சரியில்ல கித்தேரி. என்னமோ மறைக்கான்,” என்று கிசுகிசுத்தான் கஸ்பார்.

படகின் சுக்கானைப் பிடித்திருந்த அவன் தங்கை கித்தேரிக்கும் சந்தேகம்தான். தாத்தாவின் தோணி ஒரு செப்பு நிறைய முத்தோடு மூழ்கிய பவளப்பாரை, அந்தக் கடலடிப் பாறைத் திட்டைத் தேடி மூவரும் தூத்துக்குடியிலிருந்து கிளம்பியிருந்தார்கள். மூன்றாமவன் இசக்கிமுத்து, கஸ்பாரின் கல்லூரித் தோழன். ஊர்க் கிணறுகளில் முங்கி வளர்ந்தவன். காலையிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை. பங்கைப் பற்றிப் பேசியபோது மட்டும் காதைத் தீட்டிக்கொண்டான். திருடனுக்கு வேறென்ன லட்சணம் வேண்டும்?

சங்கு குளிக்கும் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலடியில் எதைக் கண்டாலும் கூச்சல் போடக் கூடாது; பக்கத்துப் படகுக்காரனுக்கு மூக்கு வியர்த்துவிடும். கண்ட இடத்துக்கு மேலேயே சத்தமில்லாமல் நிற்க வேண்டும். இசக்கிக்கும் அதைச் சொல்லியிருந்தார்கள்.

பார் வந்ததும் இசக்கிதான் முதலில் குதித்தான். முங்கினான், எழுந்தான், மறுபடி முங்கினான். அடுத்து எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டான்!

“கண்டுட்டான்,” என்றான் கஸ்பார். “ஏலே, என்னலே கெடக்கு?”

பதில் இல்லை. மோவாய் வரை தண்ணீரில் நேராக நின்றபடி இசக்கி படகையே பார்த்தான்.

“பாத்தியா களவாணிப்பயல? கையை வெளிய காட்டுதானா பாரு. செப்பை இடுப்புல சொருகுதான்.”

கித்தேரி உற்றுப் பார்த்தாள். இசக்கியின் வாய் நீருக்குள் போனது, வெளியே வந்தது, மறுபடி போனது. முடி கண்ணில் விழுந்தும் அவன் ஒதுக்கவில்லை. தலை பின்னால் சரிந்தது.

“அண்ணே, அவன் முங்குதான்!”

“போ பிள்ள. முங்குறவன் கத்த மாட்டானா?”

“மூச்சு இருந்தாத்தானே கத்துவான்?”

கஸ்பார் குதிக்கப் போனான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“முன்னால போனா உன்னையும் சேத்து அமுக்கிருவான். துடுப்பை எடுத்துப் படகை அவன் பக்கம் தள்ளு.”

இன்ஜினை அணைத்தாள். காலி டீசல் கேனில் கயிற்றைக் கட்டி வீசினாள். பக்கத்தில் விழுந்த கேனை இசக்கியால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. இழுத்து, அவன் தலைக்கு அப்பால் மறுபடி வீசி, மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். கேன் அவன் நெஞ்சில் வந்து முட்டியது. இரு கையாலும் கட்டிக்கொண்டான்!

இருவரும் இழுத்து ஏற்றியதும், படகில் கிடந்து அவன் தண்ணீராகக் கக்கினான்.

“ஏம்லே கூப்பிடல?” கஸ்பார் அவன் முதுகைத் தடவினான்.

“கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. கூப்பிட்டேன்னுதாம்லே நெனச்சேன், சத்தம் வரல.”

“காலையிலயும் பேசல.”

“கடலைப் பாத்துப் பயம். கெணத்துக்குச் சுவராவது இருக்கும்லா.”

கஸ்பார் அவனை இறுகக் கட்டிக்கொண்டு அழுதான். “உன்னைய களவாணின்னு நெனச்சிட்டேன்லே.”

“அழுதது போதும்,” என்றாள் கித்தேரி. “நல்லா இருக்கான்னு விட்டுறக் கூடாது. நெஞ்சுல தண்ணி போயிருந்தா பெறவுகூட மூச்சு முட்டும். ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

பாரைத் திரும்பிப் பார்க்காமல் படகைத் திருப்பினார்கள்.

முத்து தேடப் போன சேதி எப்படியோ கசிந்து, கரையில் கூட்டம் சூழ்ந்துகொண்டது. “என்னப்பா, முத்து கெடச்சுதா?”

இசக்கியைத் தோளில் தாங்கியபடி கஸ்பார் சொன்னான்: “இவன் கெடச்சான். வழிய விடுங்க.”