கொண்டுவிடும் தூரம்

வெண்முனை விமான நிலையத்துக்கும் நுரைத்தீவு விமான நிலையத்துக்கும் இடையே பதினைந்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் பதினொரு நிமிடம். ஒன்று உலகின் வடகோடிப் பனியில், மற்றது தென்கோடிக் கடலில். பனியில் அக்கா பொற்கொடிக்கு வேலை, நிலையத்துக்குள்ளேயே குடியிருப்பு. கடலில் தங்கை வஞ்சிக்கு வேலை.

முன்பெல்லாம் இதே பயணம் பத்தொன்பது மணி நேரம். இப்போது மடிப்பூர்தி வந்துவிட்டது. நாலு பேர் உட்காரும் கண்ணாடிக் கூண்டு. தூரத்தைப் புடவை மாதிரி மடித்துவிடும். ஜன்னலில் வெள்ளை மெல்ல நீலமாகும், இறங்க வேண்டியதுதான். மடித்த தூரம் எங்கே போகும் என்று கேட்டதற்கு, இரண்டு பக்கமும் கடலில் கரைந்துவிடும் என்றார்கள் செய்தவர்கள். ஒரு நாளைக்கு இரண்டு பயணத்தைக் கடல் தாங்குமாம்.

பாவம், நம் ஆட்கள் வழியனுப்பும் அழகை அவர்கள் பார்த்ததில்லை.

தங்கை வீட்டுக்கு வந்த பொற்கொடி ஊருக்குக் கிளம்பினால் வஞ்சி கொண்டுவிட வருவாள். வந்தவள், பதினொரு நிமிடம்தானே என்று கூண்டிலும் ஏறிவிடுவாள். வெண்முனையில் ஒரு காபி. பிறகு, மாசமாக இருப்பவளைத் தனியாக அனுப்புவதா என்று அக்கா கூடவே திரும்பி வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆறு முறைகூட நடந்ததுண்டு. இவர்கள் மட்டுமா? இரண்டு ஊரிலும் இருந்த நானூறு தமிழ்க் குடும்பங்களும் அப்படித்தான்.

கடல் நிரம்பியது. மிச்சத் தூரம் கரையேறிச் சாலைக்கு வந்தது. நிலையத்திலிருந்து வஞ்சியின் வீடு பத்து நிமிட நடை. அது அரை மணியானது, பிறகு காரில் ஐந்து மணி நேரமானது. விளக்குக் கம்பங்கள் ஒன்றையொன்று விட்டு விலகிப்போய் மூடுபனிக்குள் நின்றன. இவ்வளவு தூரம் தனியாக எப்படிப் போவாய் என்று எல்லோரும் இன்னும் அதிகமாகக் கொண்டுவிட்டார்கள்.

தாயில்லாத பெண் வஞ்சி. பிரசவத்துக்குப் பக்கத்தில் இருப்பேன் என்று பொற்கொடி சத்தியம் செய்திருந்தாள். வளைகாப்பு முடிந்த மறுவாரம், விடியற்காலையில் தொலைபேசி வந்தது.

"அக்கா, வலி வந்துடுச்சு. நீ வந்து கையப் புடிச்சுக்கோ. அதுவரைக்கும் தாங்கிக்குறேன்."

பதினொரு நிமிடத்தில் பொற்கொடி நுரைத்தீவில் இறங்கினாள். கார் ஓட்டும் மாசிலாமணி, வீட்டுக்குப் பத்தொன்பது மணி நேரம் ஆகும் என்றார். போன வாரம் ஐந்துதானே என்று அவள் பதறினாள்.

"வளைகாப்புக்கு ஊரே வந்துச்சேம்மா. வந்தவங்கள எல்லாம் கொண்டுவிட்டோம், அவங்க திரும்ப நம்மளக் கொண்டுவிட்டாங்க. அதான்."

கார் ஓடியது. சாலையில் மேகங்கள் படுத்திருந்தன. இருபுறமும் புல் மெதுவாக அசைந்துகொண்டே இருந்தது, எதுவும் நெருங்கி வரவில்லை. பாதி வழியில், தொலைபேசியில், குழந்தையின் முதல் அழுகை கேட்டது. பொற்கொடியும் வாய்விட்டு அழுதாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லையே என்று புலம்பினாள்.

நாற்பது நாள் கூட இருந்தாள். இனி யாரும் யாரையும் கொண்டுவிடுவதில்லை, வாசலோடு சரி என்று அக்காவும் தங்கையும் பேசி முடிவு செய்தார்கள். ஊரிலும் அப்படியே தீர்மானம் போட்டார்கள்.

கிளம்பும் நாளில் பொற்கொடி காரில் ஏறி உட்கார்ந்தாள். வஞ்சி வாசலில் நின்று கையசைத்தாள். மாசிலாமணி வண்டியை எடுக்கப் போகும் நேரத்தில் பின்கதவு திறந்தது. குழந்தையோடு வஞ்சி நின்றிருந்தாள்.

"பத்தொன்பது மணி நேரம் நீ மட்டும் எப்படிக்கா போவ? ஏர்போர்ட் வரைக்கும்தான்."

பொற்கொடி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.