மச்சான் பிடித்த கயிறு

மாலைக் கதிரவன் மேல்மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தான். செங்குன்றின் நடுவே, இருக்கவே கூடாத இடத்தில், பேரேரி ஒன்று பொன்னிறமாகத் தளும்பிக்கொண்டிருந்தது. அழகுதான், வாசகர்களே! ஆனால் அதைக் கண்டு அங்கே ஒருவருக்கும் மகிழ்ச்சியில்லை. மூன்றாண்டு பொய்த்த மழை நான்கே நாளில் கொட்டித் தீர்த்ததில், மலைச்சரிவு பெயர்ந்து ஆற்றை அடைத்ததால் உண்டான ஏரி அது. கீழே கல்லாறைக் கோட்டையில் ஆறு வறண்டு கிடந்தது. மலைக்குடிகள் வேண்டுமென்றே அணை போட்டுவிட்டார்கள் என்று எந்தப் புண்ணியவானோ கோள் மூட்டினான். இன்று இருட்டுவதற்குள் தண்ணீர் வராவிட்டால் ஐந்து மலையூர்களையும் கொளுத்தும்படி ஆணையிட்ட மன்னர், படையையும் அடிவாரத்தில் நிறுத்திவிட்டார்.

குதிரை வணிகன் என்று சொல்லிக்கொண்டு வந்த விடங்கன் ஆறு நாளாக அங்கே மண் சுமந்தான். சொல்லை மன்னர் நம்பமாட்டார், தண்ணீரைத்தான் நம்புவார் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தேன்பாறைகளுக்காக முறைத்துக்கொண்டிருந்த ஐந்து ஊராரும் இப்போது ஒரே அடுப்பில் சமைத்தார்கள். கரையை மொத்தமாக உடைத்தால் கோட்டை மூழ்கிவிடும் என்பதால், பக்கவாட்டில் பக்குவமாகக் கால்வாய் வெட்டினார்கள். தங்களைக் கொளுத்த வந்தவர்களுக்காகவா இவ்வளவு பாடு என்று அவன் நெஞ்சு விம்மியது.

கால்வாயின் வாயை ஒரே ஒரு பாறை மறித்துக்கொண்டிருந்தது. செங்குத்துச் சரிவில் கயிற்றில் தொங்கித்தான் அதை நெம்ப வேண்டும். பலர் இறங்கிப் பார்த்தும் கை எட்டவில்லை.

"எமக்கு நீண்ட கைகள். யாம் இறங்குகிறோம்" என்றான் விடங்கன்.

தேனெடுப்பவர்களின் தலைவன் நஞ்சன் தலையை ஆட்டினான். "ஆகாது சாமி. தொங்குறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்கணும். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனுக்கு மனசு வரும்? அதான் எங்க முறை. நீ எனக்கு என்ன வேணும்?"

மண்கூடையை இறக்கிவைத்த நஞ்சனின் தங்கை மாதி நிமிர்ந்து நின்றாள்.

"அண்ணே, பிடி. அவரு உனக்கு மச்சான்தான்!"

விடங்கனுக்கு முகம் சிவந்தது. "தங்கள் சித்தம் எம் பாக்கியம்" என்று தடுமாறினான்.

"அடி கள்ளி!" என்ற நஞ்சன் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டான்.

விடங்கன் இறங்கினான். கடப்பாறை இருமுறை வழுக்கியது, காலடியில் கல் உதிர்ந்தது. ஆனால் மேலே கயிறு இம்மியும் அசையவில்லை. மூன்றாவது நெம்பலில் பாறை புரள, தண்ணீர் கால்வாயில் நிதானமாக நுழைந்து பள்ளத்தாக்கில் இறங்கியது. அந்தி மங்கும் நேரத்தில், தீப்பந்தம் ஏந்த வேண்டிய படையிலிருந்து மங்கல முரசு முழங்கிற்று. அப்பாடா! ஐந்து ஊராரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மேலே வந்த விடங்கன் கைகூப்பினான். "நஞ்சரே, யாம் வணிகரல்லோம். கல்லாறை மன்னரின் மூத்த குமாரர்."

நஞ்சன் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். "நல்ல வேளை, முன்னாடியே சொல்லல! கை நடுங்கிக் கயித்த விட்டிருப்பேனே!"

"வேலேந்திய படை இனி இம்மலையில் ஏறாது. ஏறினால் முதலில் எம்மைக் கொன்றுவிட்டே ஏறும். இது ஆணை!" என்றான் விடங்கன்.

மாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தாள். "ஆணையெல்லாம் சரிதான். அடுத்த மழைக்குள்ள கரையக் கெட்டிப்படுத்தணும். காலையில சீக்கிரம் எழுந்திருங்க."