ஃபில்டர் பெட்டியில் இருந்த பதக்கம்

காலை 9.10. காரின் டேஷ்போர்டு வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்த பெரிய டிரைவர், திடீரென்று பேச்சை நிறுத்தினார். தெருவே திடுக்கிட்டது. அவர் ஏசி ஃபில்டர் மாற்றும்போது பேச்சை நிறுத்தியதாக அந்தத் தெருவின் சரித்திரத்தில் இல்லை.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது. அவர் பஸ் வருகிறது என்று தெரிந்தால் மின்கம்பங்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் என்று சொல்வார்கள்; சொன்னது அவர்தான். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பெருமை முழுவதும் சொந்தக் காரின் ஃபில்டருக்குள் புகுந்துகொண்டது. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் காரை நிறுத்தி, கதவை அகலத் திறந்துவைத்து, தானே மாற்றுவார். வாயும் கூடவே வேலை செய்யும்.

"டேஷ்போர்டுப் பெட்டியில இருக்கற சாமானையெல்லாம் முதல்ல எடுக்கணும். ரெண்டு பக்கத்தையும் குழந்தை கன்னத்தைப் பிடிக்கிற மாதிரி உள்ள அமுக்கணும். வலது ஓரத்துல ஒரு நூல், அதைக் கழட்டாம இழுத்தா அறுந்துடும். பெட்டி தொப்புன்னு இறங்கும். பின்னாடி நீளமா ஒரு மூடி, ரெண்டு கிளிப். திறந்து, தட்டு உருவற மாதிரி உருவ வேண்டியதுதான்."

இதனால் அந்தத் தெருவில் கார் இல்லாதவர்களுக்கும் ஃபில்டர் மாற்றத் தெரியும். நடுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துத் தட்டிப் போடுவதாகவும் சொல்லிக்கொள்வார். அது விடியற்காலையில் நடப்பதால் யாரும் பார்த்ததில்லை.

இன்று ஃபில்டர் வந்தது. அதன் மேல் இருக்க வேண்டியது வரவில்லை.

"என் பதக்கம்," என்றார்.

9.15. விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. ஓய்வு பெறும் நாளில் தந்த தங்கப் பதக்கத்தை, பீரோவில் வைத்தால் திருடன் கண்ணில் படும் என்று, பழைய துணியில் சுற்றி ஃபில்டருக்கு மேல் இருந்த இடைவெளியில் ஒளித்திருக்கிறார். எதிர்வீட்டு ரேடியோ வேலியைத் தாண்டியே வந்துவிட்டார். அவர் பெயர் ரேடியோ இல்லை. ஆனால் அணைக்க வழியில்லாதவர்.

"தங்கப் பதக்கத்தைக் கொண்டுபோய் அதுக்குள்ளயா வெச்சீங்க?" என்றார் ரேடியோ.

பெரிய டிரைவரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "கடைசியா எப்பங்க பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணு மாசம் முன்னாடி," என்றார் அவர், கண் இமைக்காமல். "ரெண்டு மாசம் முன்னாடி வண்டி சர்வீஸுக்குப் போச்சு. கணக்கு சரியா வருதா இல்லையா?"

9.20. ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோன் போட்டார். முதலாளி நறுக்கென்று பேசினார். "மெக்கானிக் மீசைதான் உங்க வண்டியைப் பாத்தான். அவனை அனுப்பறேன். பதினொரு மணிக்குள்ள சொல்லுங்க. அவன்தான்னா நாளைலேர்ந்து அவனுக்கு இங்க வேலை இல்ல."

9.40. இந்த நேரத்தில்தான் ரிட்டர்ன்காரி வந்து சேர்ந்தாள்.

ரிட்டர்ன்காரி, பெரிய டிரைவருடைய மனைவியின் தங்கை. பெரிய துணிக்கடை ஒன்றில், வாங்கிய துணியைத் திருப்பித் தர வருபவர்களுக்கான மேசையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருப்பவள். "ஒரு தடவைகூடப் போடல மேடம்" என்று நீட்டப்பட்ட சட்டையின் காலரை ஒரு முறை பார்த்தால், போட்டவன் கல்யாணத்துக்குப் போனானா, கடன் கேட்கப் போனானா என்று சொல்லிவிடுவாள். ஒருவனிடம் அவன் முந்தின நாள் சாப்பிட்ட கறியின் பெயரைச் சொல்லப்போக, அவன் சட்டையோடு குடையையும் விட்டுவிட்டு ஓடினான். குடை இன்னும் கடையில் இருக்கிறது.

அக்கா வீட்டு வாசற்படியில் மிதியடியில் காலைத் துடைத்தாள். அக்கா உடனே குனிந்து மிதியடியை மறுபக்கம் திருப்பிப் போட்டாள்.

"வா. உங்க அத்தானுக்கு ஒரு திருட்டு கிடைச்சிருக்கு."

உள்ளே பெரிய டிரைவர் கார் சாவியைச் சுவரிலிருந்த சாவிப் பலகையில் மாட்டினார். எல்லா வீட்டுப் பலகையையும் போல அதிலும் பூட்டே இல்லாத மூன்று சாவிகள், ஒரு டார்ச், ஒரு விசில், நாடா கட்டிய ஏதோ ஒரு தகடு, காதில்லாத ஒரு கத்தரிக்கோல். எல்லாவற்றுக்கும் மேலே கார் சாவி.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு," என்றார். "திருடன் யாருன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன். நீ நிரூபிச்சுக் கொடு."

"கடையிலயும் இப்படித்தான் அத்தான். தப்பு எங்களோடதுன்னு முடிவு பண்ணிக்கிட்டுத்தான் வருவாங்க."

9.55. மீசை வந்தான். நாற்பது வயது. மீசை மட்டும் ஐம்பதைத் தாண்டியிருந்தது. கையில் தொப்பியைச் சுருட்டிப் பிடித்தபடி வாசலிலேயே நின்றான்.

"உள்ள வந்து உக்காருப்பா," என்றாள் அக்கா. டீ வந்தது. பிஸ்கட் வந்தது, அலமாரியின் மேல்தட்டில் விருந்தாளிகளுக்கென்று இருக்கும் பூப்போட்ட தட்டில். பெரிய டிரைவருக்கு அந்தத் தட்டில் பிஸ்கட் கிடைத்து எட்டு வருஷம் இருக்கும்.

ரிட்டர்ன்காரி அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேள்வியை ஆரம்பித்தாள்.

"சர்வீஸ்ல என்ன பண்ணீங்க?"

"ஆயில், பிரேக், டயர். அவ்வளவுதான் மேடம்."

"இந்த ஃபில்டரை?"

"தொட விட்டாத்தானே. 'அது என் டிபார்ட்மென்ட், கை வெச்சா கையை எடுத்துடுவேன்'னு அண்ணன் சர்வீஸ் சீட்டுலயே எழுதிக் கொடுத்தாரு."

"எழுதினேன்," என்றார் பெரிய டிரைவர், பெருமையாக. "அதனாலதான் இவனுக்கு உள்ள ஏதோ இருக்குன்னு சந்தேகம் வந்திருக்கு."

"எனக்கு ரெண்டு பொண்ணுங்கண்ணே," என்றான் மீசை.

10.10. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். பழைய ஃபில்டர் செய்தித்தாள் மேல் கிடந்தது. விசிறி மடிப்பாக மடித்த காகிதம், ஒரு சட்டத்துக்குள். அதன் ஓரத்தில் மார்க்கரால் தேதி. சரியாக ஒரு வருஷத்துக்கு முந்தையது. மாற்றும் நாளை எழுதிவைப்பது பெரிய டிரைவரின் வழக்கம்.

"இதுல காத்து எந்தப் பக்கமா வரும்?" என்றாள் ரிட்டர்ன்காரி.

"மேலேர்ந்து கீழ," என்றான் மீசை. "ஓரத்துல அம்பு போட்டிருக்கு பாருங்க. அம்பு கீழ பாத்து இருக்கணும்."

"அப்ப அழுக்கு?"

"மேல் பக்கம்தான் சேரும். கீழ்ப்பக்கம் ஓரளவு வெள்ளையா இருக்கும்."

அவள் ஃபில்டரைப் புரட்டினாள். மேல் பக்கம் சாம்பல் நிறம். மறுபடி புரட்டினாள். கீழ்ப்பக்கமும் சாம்பல் நிறம். மீசையின் வாய் திறந்தது. மீசை அதற்கு வழிவிட்டது.

"ரெண்டு பக்கமும் அழுக்காகாது மேடம். இது ஒரு பக்கமாத்தான் மூச்சு விடும்."

"சட்டையும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் அழுக்கா இருந்தா யாரோ திருப்பிப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம்."

புது ரவிக்கையின் தையலைப் பிரித்துப் பார்ப்பது போல அவள் இரு விரலால் மடிப்பை விரித்தாள். அம்பின் வால் பக்கம், மடிப்பின் அடிவரை வெறும் புழுதி. அம்பின் தலைப் பக்கம், அதாவது கீழே இருந்திருக்க வேண்டிய பக்கம், மேலாகப் புழுதி. ஆழத்தில், எல்லா மடிப்பின் அடியிலும், பொடிப்பொடியாக நீலம்.

தலையை நிமிர்த்தித் தெருவைப் பார்த்தாள். எங்கும் நீலம் இல்லை. எதிர்வீட்டுச் சுவர் எலுமிச்சை மஞ்சள்.

"உங்க சுவர் முன்னாடி என்ன கலர்?"

"நீலம்," என்றார் ரேடியோ. இத்தனை நேரம் தன்னை யாரும் கேட்கவில்லையே என்ற ஏக்கம் அவர் குரலில் இருந்தது. "நல்ல நீலம். ஆறு மாசம் முன்னாடி மெஷின் வெச்சு சுரண்டினோம். தெருவெல்லாம் நீலப் புகை. என் மாமியாரே ஒரு வாரம் நீலமா இருந்தாங்க. அண்ணன் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில படுத்திருந்தாரே, அந்த வாரம்தான்."

10.25. ரிட்டர்ன்காரி மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். கார் சாவியைப் பலகையிலிருந்து எடுத்தாள். மறுபடி அதே இடத்தில் மாட்டினாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில், கடையில் ஒருவர் குடையை விட்டுவிட்டு ஓடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வரும் அமைதி இருந்தது.

"அத்தான், ஃபோனை எடுத்து வெச்சுக்கங்க. மீசை எடுக்கல."

"எப்படிச் சொல்ற?"

"நீலப் பொடி திருப்பிப் போட்ட பக்கத்துல அடியில கிடக்கு. அப்ப, சுவரைச் சுரண்டும்போதே ஃபில்டர் தலைகீழா இருந்திருக்கு. அது ஆறு மாசம் முன்னாடி. இவர் கைக்கு வண்டி வந்தது ரெண்டு மாசம் முன்னாடி."

"வேற யாரோ திருப்பிப் போட்டு, இவன் அப்புறமா வந்து பதக்கத்தை மட்டும் எடுத்திருந்தா?"

"இவர் திறந்திருந்தா அம்பு நேராயிருக்கும். தொழில் தெரிஞ்ச கை கோணலைப் பாத்துட்டு சும்மா மூடாது."

மீசை நிமிர்ந்து நின்றான். சுருட்டியிருந்த தொப்பியை விரித்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

"அந்த வாரம் வண்டி நின்ன இடத்துலயேதான் நின்னுச்சு," என்றார் பெரிய டிரைவர். "நான்தான் ஆஸ்பத்திரியில இருந்தேனே."

"நின்ன வண்டி மூச்சு விடாது அத்தான். நீலத்தை இழுத்திருக்குன்னா ஓடியிருக்கு. உங்களுக்கு மூணு வேளையும் சாப்பாடு எதுல வந்துச்சு?"

"பஸ்லதான்."

"பஸ்லதான்னு யாரு சொன்னா?"

அவர் யோசித்தார். யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்போது கண்ணில் கட்டு.

ரிட்டர்ன்காரி அக்கா பக்கம் திரும்பினாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"உனக்குத்தான் கோர்வையா வரும். நீயே சொல்லு," என்றாள் அக்கா.

"பதக்கம் அங்க இருந்துச்சுன்னதும் இந்தத் தெருவே 'அதுக்குள்ளயா வெச்சீங்க'ன்னு கேட்டுச்சாம். இவ மட்டும் கேக்கலையாம். ஏற்கெனவே தெரியும். திருடன்னு கூப்பிட்டு வந்த ஆளுக்கு விருந்தாளித் தட்டுல பிஸ்கட் வெச்சா. மனசு உறுத்துது. ஆனா இதெல்லாம் அப்புறம்தான் எனக்குக் கணக்குல வந்துச்சு. முதல்ல என்னை இடிச்சது மிதியடி."

"மிதியடியா?"

"நான் கால் வெச்சதும் திருப்பிப் போட்டா. தலையணை, மெத்தை, மேசைவிரிப்பு, எல்லாம் இந்த வீட்ல அப்படித்தான். ஒரு பக்கம் அழுக்கானா மறுபக்கம் புதுசு. மெக்கானிக் ஃபில்டரைப் பாத்தா அம்பைப் பாப்பான். திருடன் பாத்தா தங்கத்தைப் பாப்பான். அழுக்குப் பக்கத்தைக் கீழ தள்ளிட்டு சுத்தமான பக்கத்தை மேல வைக்கறவ உலகத்துலயே ஒருத்திதான்."

ரேடியோ கூட ஒலிபரப்பை நிறுத்தினார்.

"ஆமா," என்றாள் அக்கா. தலை குனியவில்லை, மோவாய் கொஞ்சம் மேலேயே போனது. "நான்தான். ஆஸ்பத்திரிக்குத் தினம் மூணு தடவை நானே ஓட்டிட்டு வந்தேன். ஏசி போட்டா ஊறப்போட்ட துணி நாத்தம். யாரையும் கூப்பிடல. கன்னத்தை அமுக்கற மாதிரி அமுக்கினேன். நூலைக் கழட்டினேன், அறுக்கல. இருபது நிமிஷம். வெயில்ல வெச்சுத் தட்டினேன், திருப்பிப் போட்டேன். அடுத்த நாள் நாத்தம் போச்சு."

"என் பதக்கம்?"

"'மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கறேன்'னு சொல்றவராச்சே, பாக்கட்டும், கேக்கட்டும்னு எடுத்து வெச்சேன். மூணு மாசம் போச்சு. ஆறு மாசம் போச்சு. காலையிலகூட 'மூணு மாசம் முன்னாடி பாத்தேன்'னு சொன்னீங்க. உங்க வாயாலயே உண்மை வரட்டும்னு இருந்தேன். மணி பதினொண்ணு ஆகியிருந்தா ஃபோனை நானே பிடுங்கியிருப்பேன்." மீசை பக்கம் திரும்பினாள். "தம்பி, உன்னை அலைய விட்டது தப்பு. பொறுத்துக்கப்பா."

"எங்கடி வெச்ச?" என்றார் பெரிய டிரைவர்.

"கார் சாவிக்கு அடியில," என்றாள் ரிட்டர்ன்காரி. "ஆறு மாசமா தினம் அதும்மேலதான் சாவியை மாட்டறீங்க அத்தான்."

அவர் உள்ளே போனார். வந்தபோது கையில் பதக்கம் இல்லை. அதைப் பலகையிலேயே விட்டிருந்தார்; முகம் வெளியே தெரியும்படி திருப்பி, முதல் ஆணியில்.

10.52. ஒர்க்‌ஷாப் முதலாளிக்கு ஃபோன் போனது, தெரு முழுக்கக் கேட்கும் குரலில்.

"ஆள் கிடைச்சாச்சு. ரெண்டு பேரு. ஒண்ணு என் பொண்டாட்டி. எடுத்தது அவ. இன்னொண்ணு நான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கறேன்னு முப்பது தடவை சொன்னேன், ஒரு தடவைகூடப் பாக்கல. உங்க மீசை மேல ஒரு தூசு கிடையாது. தூசு எந்தப் பக்கம் ஒட்டும்னு அவருக்குத் தெரியும். நாளைக்கு அவரை நீங்க நல்லா வரவேக்கணும். நான் வந்து பாப்பேன்."

முப்பது வருஷம் கீறல் இல்லாமல் ஓட்டியவர், முதல் கீறலைத் தன் கையாலேயே போட்டுக்கொண்டார். அதையும் நேராகப் போட்டார்.

பிறகு புது ஃபில்டரை உறையிலிருந்து எடுத்து மனைவியிடம் நீட்டினார். "நீயே போடு. இத்தனை பேர் இருக்காங்க, பாக்கட்டும்."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்குள் குனிந்தாள். மீசை டார்ச் பிடித்தான். பெரிய டிரைவர் படியில் உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். அந்தக் காலையில் அவர் செய்த கடினமான வேலை அதுதான். அம்பு கீழே பார்த்திருப்பதை அவள் இரண்டு முறை சரிபார்த்தாள். உள்ளே தள்ளுமுன் அவர் தன் மார்க்கரை அவளிடம் கொடுத்தார். இதுவரை யார் கைக்கும் போகாத மார்க்கர்.

அவள் தேதியைப் போட்டாள். அதன் கீழே ஒரு வரி எழுதினாள்.

"என்னண்ணே எழுதறாங்க?" என்று வேலியிலிருந்து கேட்டார் ரேடியோ.

பெரிய டிரைவர் எழுந்து, கழுத்தை நீட்டிப் பார்த்து, பஸ் நிலையத்தில் ஊர் பெயர் சொல்லும் பழைய குரலில் வாசித்தார்:

"'திருப்பிப் போட வேண்டாம். மூணு மாசம் கழிச்சு நான் திறந்து பாப்பேன்.' என் வீட்டுக்காரி எழுதினது. நூலைப் பாத்தியா, அறுந்திருக்கா? எங்க, வந்து பாரு. ரெண்டு பக்கத்தையும் எப்படி அமுக்கறா பாரு, குழந்தை கன்னத்தைப் பிடிக்கிற மாதிரி..."

பேச்சு மறுபடி தொடங்கியதைக் கேட்டுத் தெரு நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கப் போனது.