டர்னர்கள் பலர், தேவராஜா ஒருவர்

தர்சினிக்கு அலுத்துப்போயிருந்தது. தங்கள் குடும்பப் பெயர் கொண்ட பிரபலமானவர்களின் படங்களைத் தேடி அட்டையில் ஒட்டி வரவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். பக்கத்து மேசை ஒலிவியா டர்னருக்கு ஆள் பஞ்சமே இல்லை. ஓவியர், நீதிபதி, நீச்சல் வீராங்கனை என்று அட்டை நிரம்பிவிட்டது. இடம் போதாமல் ஒரு நடிகரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஒட்டியிருந்தாள்.

தர்சினி தேவராஜாவின் அட்டையில் ஒன்றுமே இல்லை.

வீட்டில் அப்பா, ட்ருகனினா என்ற புறநகரில் உள்ள கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிய களைப்பில், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்திருந்தார்.

"அப்பா, எங்கட பேரில ஆர் பெரிய ஆக்கள் இருக்கினம்?"

"அது குடும்பப் பேர் இல்லைப் பிள்ளை, என்ர பேர்," என்றார் அப்பா கண்ணைத் திறக்காமல். "நான் பெட்டி தூக்கிற ஆள்."

அப்பாவின் கடைசிப் பெயர் இரத்தினசிங்கம். அது அப்பப்பாவின் பெயர். தகப்பன் பெயரைப் பிள்ளை போட்டுக்கொள்வது ஊரில் யாரையும் குழப்பியதில்லை. புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில்தான் தொல்லை. பள்ளி நேரத்தின் இடையில் தர்சினியைக் கூட்டிப்போக வந்தால், பள்ளிக்கூட அலுவலகத்தில் அப்பாவின் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, பெயர் வேறாக இருக்கிறதே, நீங்கள் இவளுக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். பின்னால் நிற்பவர்கள் எல்லாம் பார்க்க, அப்பா மெல்லிய குரலில் விளக்குவார். அப்போது தர்சினிக்கு அழுகை முட்டும்.

"நான் ரீச்சரோட கதைக்கிறன்," என்று அப்பா எழும்பப் பார்த்தார்.

"வேண்டாம் அப்பா. நீங்கள் படுங்கோ. நானே சொல்லுறன்."

அட்டையின் நடுவில் அப்பாவின் படத்தை ஒட்டினாள். கீழே 'தேவராஜா இரத்தினசிங்கம், தர்சினி தேவராஜாவின் அப்பா' என்று பெரிதாக எழுதி, இரண்டு தேவராஜாவுக்கும் ஒரே சிவப்பு நிறம் தீட்டினாள்.

மறுநாள் வகுப்பில், தன் கடைசிப் பெயர் அப்பாவின் முதற்பெயர் என்றும், அது தங்கள் வழக்கம் என்றும், அது தெரியாமல்தான் அலுவலகத்தில் அப்பாவிடம் கேள்வி கேட்கிறார்கள் என்றும் சொன்னாள். அதனால் தன் அட்டையில் ஒருவர்தான், ஆனால் அவரைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றாள். ஒலிவியா தன் அட்டையைப் பார்த்தாள். அதில் ஒருவரைக்கூட அவள் நேரில் கண்டதில்லையாம்.

ஆசிரியை சற்று யோசித்தார். பிறகு தர்சினியிடம் கேட்டுவிட்டு, அந்த அட்டையை அலுவலகச் சுவரில் கொண்டுபோய் மாட்டினார்.

அடுத்த வாரம் தர்சினியைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போக அப்பா வந்தார். லைசென்ஸை நீட்டிவிட்டு, வழக்கமான விளக்கத்துக்குத் தொண்டையைச் செருமினார். அலுவலகத்தில் இருந்த பெண் பெயரைப் பார்த்தார், சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார், சிரித்தார், தர்சினியின் அப்பா இங்கே கையெழுத்துப் போடலாம் என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

காருக்குப் போகும் வழியில் அப்பா கேட்டார்.

"ஏன் பிள்ளை, இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை?"

"உங்களை இப்ப அங்க எல்லாருக்கும் தெரியும் அப்பா," என்றாள் தர்சினி.