சைபருக்குக் கீழே

மீட்டரில் சைபர் வந்துவிட்டது. முத்தாயி மட்டும் இன்னும் வரவில்லை.

அப்புசாமி கண்ணில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். கேட்டுக் கம்பத்தில் மாட்டியிருந்த இரும்புப் பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குள் நாலு உருளைகளும் நாலு சைபராக நின்றன. காலையில் வேலைக்குப் போகிற ஒவ்வோர் ஆளுக்கும் அதன் பிடியை முன்னால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். சாயங்காலம் திரும்புகிற ஒவ்வோர் ஆளுக்கும் பின்னால் ஓர் இழுப்பு. சைபர் வந்தால் எல்லோரும் உள்ளே வந்தாயிற்று என்று கணக்கு. காட்டில் கலகக்காரர்கள் என்று அவசரகாலம் வந்து, ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பியும் வந்த நாளிலிருந்து அவனுக்கு இதுதான் வேலை.

மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. புல்வெட்டப் போன பெண்கள் கோணிப்பையின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சேற்றில் காலடி சளக் சளக்கென்று கேட்க, ஈரச் சணல் நாற்றமும் ரப்பர்ப்பால் வீச்சமுமாகக் குனிந்த தலை நிமிராமல் ஓடிவந்தார்கள். இந்த லட்சணத்தில் முகத்தை எங்கே பார்ப்பது? கோணியைப் பார்த்துத்தான் அவன் பிடியை இழுத்தான்.

கடைசியாக வந்த ராமாத்தாள் கேட்டுக் கொட்டகையில் நின்று சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"முத்தாயி எங்க, ராமாத்தா?"

"மழையில யாரு யாரப் பாத்தா, அண்ணே? மீட்டர்தான் சைபர், கோசோங்னு காட்டுதுல்ல. வூட்டுல இருக்கும் லா!"

அவளுக்கென்ன, சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். வராதது அப்புசாமியின் பெண்சாதி. ஆனாலும் கேட்டைப் பூட்டித்தான் ஆக வேண்டும். ஊரடங்கு மணி அடித்தபிறகு வேலிக்கு வெளியே எது அசைந்தாலும் பட்டாளத்துக்காரன் சுடுவான். ஆளா ஆடா என்று கேட்க மாட்டான்.

போன மாதம் ராஜம்மா அப்படித்தான் போனாள். காலையில் கேட்டில், கலகக்காரர்களுக்குக் கொடுக்க அரிசி ஒளித்திருக்கிறாளா என்று சோதிக்கும்போது, செப்புக் காப்புப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "பாத்துக்க, உங்க அரிசிய நான் காப்புக்குள்ள வச்சிருக்கேன்" என்று சிரித்துவிட்டுப் போனவள். காணாமற்போன ஆட்டைத் தேடி வெளியிலேயே தங்கிவிட்டாள். அன்று மீட்டர் ஒன்றில் நின்றது. விடிந்ததும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நவரட்ணம் பெட்டியைத் திறந்து, கட்டைவிரலால் அந்த உருளையைச் சைபருக்குத் திருப்பினார்.

"செத்த ஆளுக்காக நெடுகலும் ஒண்டைக் காட்டிக்கொண்டு நிக்கேலாது, அப்புசாமி" என்றார். "ஒண்டை மட்டும் நினைவில வைச்சிரு. சைபருக்குக் கீழ இதுக்கு எண்ணத் தெரியாது. ஒரு ஆள் கூட வந்திட்டால் நாலும் ஒன்பதாப் போய் நிண்டிடும்."

வராத ஆளை வந்ததாகத் திருப்பிவிட்டோமே, அந்த ஆள் பிறகு வந்தால் எப்படி எண்ணுவது? கேட்க நாக்கு வரை வந்தது. கிராணியிடம் எப்படிக் கேட்பது என்று விழுங்கிவிட்டான்.

கேட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தான். லயத்தின் முதல் வீடு, கேட்டிலிருந்து கூப்பிடு தூரம். கதவு லேசாகத் திறந்திருந்தது. விளக்கு ஏற்றவில்லை. உள்ளே சுவரோரம், தலையிலிருந்து முழங்கால்வரை கோணியால் மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓர் உருவம் சுருண்டு கிடந்தது. கோணியிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி அவன் காலை நனைத்தது.

"முத்தாயி."

பல்லோடு பல் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"அடி, உன்னத்தானே?"

மடியிலிருந்த தீப்பெட்டி நனைந்து கூழாகியிருந்தது. குனிந்து பாதத்தைத் தொட்டான். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த உடம்பு. இவ்வளவு குளிர்ந்து அவன் அறிந்ததில்லை. தொட்டதும் அது பாதத்தைக் கோணிக்குள் இழுத்துக்கொண்டது.

அப்போதுதான் கேட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"என்னங்க."

முத்தாயியின் குரல்.

"என்னங்க, கேட்டத் தொறங்க. லோரி சத்தம் கேக்குதுங்க. பட்டாளத்துக்காரன் வரான்."

அப்படியானால் இங்கே கிடப்பது?

அப்புசாமி பின்னாலேயே நகர்ந்தான். வாசலைத் தாண்டினான். கதவை இழுத்துச் சாத்திச் சங்கிலியை வெளியே மாட்டினான். பிறகு ஓடினான். அவள் இடத்தில் எதுவோ எண்ணிக்கையில் புகுந்துவிட்டது. அதனால்தான் சைபர். அவளை வெளியே விட்டுப் பூட்டியது அவன் கைதான்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே லோரி விளக்கு ஆடி ஆடி வந்தது. முள்கம்பிக்கு அப்பால் கோணி போர்த்த உருவம் நின்றது.

"சீக்கிரங்க."

சாவி. துவாரம். கிடைக்கவில்லை. கிடைத்தது. கேட்டு ஆளகலம் திறந்தது. அவள் உள்ளே வந்தாள். பழக்கதோஷம், அவன் கை தானாகப் பிடியைப் பின்னால் இழுத்தது.

நாலு உருளைகளும் சேர்ந்து புரண்டன.

கேட்டைப் பூட்டி முடிக்கவும் லோரி வெளிச்சம் மீட்டரின் கண்ணாடியில் விழுந்து போகவும் சரியாக இருந்தது. ஒன்பது. ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

ஆமாம், கூட ஓர் ஆள். அது வீட்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது. முத்தாயி பிழைத்துவிட்டாள், அது போதும். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ராமாத்தா வூட்டுக்குப் போயிரலாம், வா" என்று இழுத்தான். அவள் தங்கள் வீட்டுப் பக்கமே நடந்தாள். அவனையும் நடத்திக்கொண்டு போனாள்.

வீட்டில் விளக்கு எரிந்தது.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முத்தாயி நின்றாள். தலையில் துண்டு. காய்ச்சலில் சிவந்த கண். முன்பல் ஓரத்தில் அதே சின்ன உடைசல். காதில் அவன் வாங்கிக் கொடுத்த அதே தோடு.

"குளிர் காச்சல் தூக்கிப் போட்டுச்சுங்க, வாயே தொறக்க முடியல. அதுக்காக வெளியில பூட்டிட்டா போவாங்க?"

அவளேதான். சைபர் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அவள் விளக்கை உயர்த்தினாள். அவனுக்குப் பக்கத்தில் பார்த்தாள்.

"கூட யாருங்க?"

அவன் விரல்களை உதறினான். வரவில்லை. மணிக்கட்டைச் சுற்றி ஈர விரல்கள் இறுகின. முத்தாயி போடுவது கண்ணாடி வளையல். இங்கே அவன் தோலில் அழுந்தியது உலோகம். ஜன்னல் வெளிச்சத்தில் அது செம்பு நிறத்தில் மின்னியது.

கோணி மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது. கோணிக்குள்ளே பார்த்த முத்தாயியின் கையிலிருந்து விளக்கு விழுந்தது.

இருட்டில், அவன் காதோரம், முத்தாயியின் குரலிலேயே அது கேட்டது:

"நம்ம வூட்டுல யாருங்க?"